வயதை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்: ஒரு வில்லுப்பாட்டுப் புலவரின் குரல் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருகிறவர் 71 வயது வில்லுப்பாட்டுப் புலவர். கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்துக்காரர். அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மற்றதை எழுத அவரும் அவர் வீட்டம்மாவும் சம்மதம் தந்தார்கள். நான் குரலுக்கும் பேச்சுக்கும் பயிற்சி தரும் ஸ்பீச் தெரபிஸ்ட். நாகர்கோவிலில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் அவரைப் பார்த்துவிட்டு என்னிடம் அனுப்பினார்.

இதை இவ்வளவு விரிவாக எழுத ஒரு காரணம் இருக்கிறது. அந்த மருத்துவரிடம் போவதற்கு முன்னால் இரண்டு வருஷமாக அவருக்கு எல்லா இடத்திலும் கிடைத்தது ஒரே பதில்தான்: "வயசாச்சில்லா, அப்படித்தான் இருக்கும்." வயது காரணம் என்பது பொய்யில்லை. ஆனால் அது நான்கு காரணங்களில் ஒன்று. மற்ற மூன்றும் சரிசெய்யக் கூடியவை. வயதின் பங்கிலும்கூட ஒரு நல்ல பகுதி பயிற்சிக்கு இணங்கியது.

வந்த குறை

கார்த்திகை மாதம் வந்தார். முதலில் வீட்டம்மாதான் பேசினார்: "இவிய பேசுகது அடுக்களைல நிக்க எனக்குக் கேக்கல்ல." புலவரின் குறை வேறு. "போன எடுத்து அலோன்னு சொன்னா, அம்மா, வீட்டுல ஆளு இருக்கான்னு கேக்கான் மக்களே." ஐம்பது வருஷம் ஊர் ஊராக ஆயிரம் பேர் முன்னால் கதை சொன்ன ஒரு மனிதருக்கு இது எவ்வளவு வலித்திருக்கும் என்பது அவர் அதைச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்ததிலேயே தெரிந்தது.

வரிசையாகக் கேட்டதில் இன்னும் சில விஷயங்கள் வந்தன. குரல் மெலிந்து, காற்றுக் கலந்து வருகிறது. ஒரு நீண்ட அடியை ஒரே மூச்சில் பாட முடியவில்லை. மேல் ஸ்தாயி உடைகிறது. ஒரு ராத்திரி பாடினால் அப்புறம் ஒரு வாரத்துக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது. முந்தின பங்குனியில் ஒரு கோயில் கமிட்டி, "உங்க குழுவுல வேற ஆளு பாடுவாரா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் வாங்கின அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வில்லுப்பாட்டு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கொடை என்கிற கோயில் திருவிழா ராத்திரியில் புலவர் வில்லின் முன் உட்கார்ந்து வீசுகோலால் நாணை அடித்துக்கொண்டே பாடுவார், வசனம் சொல்லுவார், மறுபடி பாடுவார். பக்கத்தில் குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை. வலத்தும் இடத்தும் இருப்பவர்கள் அடியை வாங்கிப் பாடுவார்கள். கதை நகர நகர வேகம் கூடும். சாமியாடிக்கு அருள் வரவேண்டிய இடத்தில் பாடும் வரத்துப் பாட்டில் புலவரின் குரல் உடுக்கைக்கும் குடத்துக்கும் மேலே நிற்கவேண்டும். அது நடக்கிற நேரம் பெரும்பாலும் நடுராத்திரி, உடம்பு ஓய்வுக்கு ஏங்குகிற நேரம். இந்தத் தொழிலில் குரலுக்கு விழும் சுமை வகுப்பெடுக்கும் ஆசிரியருக்கு விழுவதைவிட அதிகம் என்றே நான் நினைக்கிறேன்.

பின்புலம்

60 வயது வரை பகலில் ரப்பர் வெட்டு, ஷீட் அடிப்பது, புகைப்புரையில் நெருப்புப் பார்ப்பது. பீடி 45 வயதோடு விட்டாச்சு. வெற்றிலையோடு புகையிலை இன்னமும் உண்டு. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை; அதில் ஒன்று சிறுநீர் அதிகம் போகச் செய்வது. மூன்று வருஷத்துக்கு முன் ஆஸ்துமா என்று ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள், காலையும் ராத்திரியும் இரண்டு பஃப். "பஃப் இழுத்த பிறகு வாய் கொப்பளிப்பீங்களா?" என்று கேட்டேன். "அப்படி ஒண்ணு சொல்லல்லியே" என்றார்.

தண்ணீர் பற்றியும் கேட்டேன். கொடை அன்று சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லையாம். வில்லின் முன்னால் உட்கார்ந்தால் இடையில் எழுந்து போகமுடியாது, மாத்திரை வேறு அடிக்கடி போகவைக்கும். அதனால் ராத்திரி முழுக்க இரண்டு மூன்று கட்டன்சாயா, அதாவது பாலில்லாத டீதான். தொண்டைக்கு சிற்றரத்தையும் பனங்கற்கண்டும் வாயில் அடக்கிக்கொள்வார். சிற்றரத்தையை நான் தடுக்கவில்லை. எச்சில் ஊற வைக்கும், வாய்க்கும் தொண்டைக்கும் இதமாக இருக்கும். ஆனால் நாம் விழுங்குகிற எதுவும் குரல்நாணை, அதாவது குரல்வளைக்குள் அதிர்ந்து குரலை எழுப்பும் இரண்டு மடிப்புகளை, தொடுவதில்லை. விழுங்கும்போது மூச்சுக்குழலின் வாய் மூடிக்கொண்டு, சாறு உணவுக்குழாய்க்குப் போய்விடுகிறது. குரல்நாணுக்கு ஈரம் வேண்டுமென்றால் உடம்பு முழுவதற்கும் தண்ணீர் சேரவேண்டும்.

பரிசோதனை

என்னிடம் அனுப்புமுன் மருத்துவர் மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் கேமராவை விட்டுத் தொண்டையைப் பார்த்திருந்தார். பிறகு ஸ்ட்ரோபோஸ்கோப்பியும் செய்தார். பேசும்போது குரல்நாண்கள் நொடிக்கு நூறு தடவைக்கு மேல் மோதிப் பிரிகின்றன, கண்ணுக்குப் பிடிபடாது. அந்த வேகத்திலிருந்து ஒரு துளி விலகி விட்டு விட்டு ஒளி பாய்ச்சினால் அந்த அசைவு மெதுவாக நடப்பதுபோலத் தெரியும். இந்தப் பரிசோதனையின் தந்திரம் அவ்வளவுதான். உயிருள்ள மனிதரின் குரல்நாண் அசைவதைக் கண்ணாடி வைத்து முறையாகப் பார்த்து எழுதியவர் மனுவேல் கார்சியா. 1854-ல் தன் தொண்டையையே பார்த்தார். அவர் மருத்துவர் இல்லை, பாட்டு வாத்தியார். பாடுகிறவருக்குத் தன் குரல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிற ஆசை இருக்கத்தானே செய்யும். நம் புலவரும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை என்று மருத்துவர் சொன்னார்.

திரையில் தெரிந்தவை இவை. இரண்டு நாண்களும் நன்றாக அசைகின்றன, வாதம் இல்லை. கட்டியோ புண்ணோ இல்லை. ஆனால் இரண்டும் மெலிந்து, ஓரம் உள்வாங்கி வளைந்திருக்கின்றன. மூடும்போது முன்னும் பின்னும் சேர்கின்றன, நடுவில் நீள்வட்டமாக ஓர் இடைவெளி நிற்கிறது. அந்த வழியாகக் காற்று ஒழுகுகிறது. அதை அடைக்கப் பார்த்து, மேலே இருக்கும் பொய்க் குரல்நாண்கள் நெருக்கிக்கொண்டு வருகின்றன. அடுத்தது, தொண்டையின் பின்சுவரிலும் நாணின் மேற்பரப்பிலும் அங்கங்கே வெள்ளைப் படலம்: பூஞ்சை.

என் பங்குக்கு அளந்தவை: ஒரே மூச்சில் "ஆ" என்று இழுத்தால் 7 நொடி. இந்த வயதிலும் 10 நொடிக்குக் கீழே வந்தால் கவனிக்கவேண்டும் என்பது நாங்கள் வைத்திருக்கிற கணக்கு. பேச்சின் சராசரி சுருதி 178 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வு. வளர்ந்த ஆண்களுக்குப் பொதுவாக 100 முதல் 130 வரை, பெண்களுக்கு 190 முதல் 220 வரை இருக்கும். குரலால் அன்றாட வாழ்க்கையில் படும் சிரமத்தைப் பத்துக் கேள்விகளில் அளக்கிற ஒரு படிவம் உண்டு, 40-க்கு மதிப்பெண். கூடினால் சிரமம் கூட. அவருக்கு 26.

காதையும் சோதிக்கச் சொன்னேன். இரண்டு காதிலும் மேல்சுருதி ஒலிகள் சரியாகக் கேட்கவில்லை, இடது இன்னும் மோசம். அவருக்கு இடப்பக்கம்தான் ஜால்ரா உட்காருமாம். வயதாலும் காது இப்படி ஆகும். ஐம்பது வருஷ ஜால்ரா ஒலிக்கும் இதில் பங்கு இருக்கலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க வீட்டம்மாவின் குரலையும் பதிவு செய்தேன். அவருக்கு 66 வயது, முந்திரி ஆலையில் வேலை பார்த்து நின்றவர். பேச்சு சுருதி 165 ஹெர்ட்ஸ். கணவரைவிடத் தாழ்வு. "என்னைப் போன்காரன் சார்ங்கான்" என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். குரல் தெளிவு, நடுக்கம் இல்லை, "ஆ" 15 நொடி. பெண் குரல் தாழ்ந்தால் தைராய்டு குறைபாட்டையும் பார்க்கவேண்டும் என்பதால் மருத்துவர் இரத்தப் பரிசோதனை எழுதினார், சரியாகத்தான் இருந்தது. அவருடையது வயதின் இயல்பான மாற்றம். "நான் என்ன பாட்டா படிக்கப் போறேன்? இது போதும்" என்றார். அவருக்குப் போதும் என்றால் சிகிச்சை தேவையில்லை. அது அவர் முடிவு.

வயது குரலை என்ன செய்கிறது

ஒரே வீட்டில் ஆண் குரல் ஏறுகிறது, பெண் குரல் இறங்குகிறது. இரண்டுக்கும் காரணம் வயதுதான். இது எப்படி?

தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். பிறந்த குழந்தையின் குரல்நாண் சில மில்லிமீட்டர் நீளம்தான், அழுகை 400, 500 ஹெர்ட்ஸில் இருக்கும். குரல்வளையும் கழுத்தில் வெகு மேலே இருக்கும். வளர வளர இறங்கும். நாணின் உள்ளே பெரியவர்களுக்கு இருப்பதுபோன்ற அடுக்குகள் குழந்தைக்கு இல்லை. மேலே மென்மையான சளிப்படலம், நடுவே நார்த்திசு, அடியில் தசை என்ற அமைப்பு பதின்பருவம் வரை மெல்ல மெல்ல உருவாகிறது. இந்த அடுக்கமைப்பையும், மேலுறையும் அடித்தசையும் தனித்தனித் தன்மையோடு அதிர்வதையும் 1970-களில் விளக்கியவர் ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ. இன்றைக்குக் குரல் அறுவை சிகிச்சை செய்கிறவர்கள் அந்த மேலுறையைக் காப்பாற்ற இவ்வளவு மெனக்கெடுவது அதனால்தான்.

பதின்பருவத்தில் ஆண் ஹார்மோன் குரல்வளையை வளர்த்துவிடுகிறது. பையன்களின் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கும். பெண்பிள்ளைகளுக்கும் இறங்கும், ஆனால் இரண்டு மூன்று அரைச்சுர அளவுதான், யாரும் கவனிப்பதில்லை. அதற்குப் பிறகு பல வருஷம் பெரிய மாற்றம் இல்லாமல் போகிறது.

அறுபதை ஒட்டி மறுபடி மாற்றம் தெரியத் தொடங்குகிறது. ஆண்களுக்கு நாணின் உள்ளே இருக்கும் தசை மெலிகிறது. மேலுறையில் இருக்கும் மீள்நார்கள் தரம் குறைகின்றன, நார்த்திசு விறைப்பாகிறது. ஈரம் சுரக்கும் சுரப்பிகள் குறைவாகச் சுரக்கின்றன. குரல்வளையின் குருத்தெலும்புகள் மெல்ல எலும்பாக மாறுகின்றன; இது ஆண்களுக்கு முன்னதாகவும் அதிகமாகவும் நடக்கும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் நாணின் மேலுறை கொஞ்சம் தடித்துக் கனக்கிறது. கனம் கூடினால் சுருதி இறங்கும். இதோடு, இருபாலருக்கும் விலா எலும்புக் கூடு விறைத்து, நுரையீரல் சுருங்கித் தள்ளும் சக்தி குறைகிறது. குரலுக்குக் காற்றுதானே ஆதாரம்.

திரையில் தன் நாண் வளைந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் புலவர் சொன்னது: "நாண் தளந்து போச்சில்லா." வில்லில் தோல் நாணை இழுத்துக் கட்டிப் பழகின கை, உடனே பிடித்துவிட்டது. ஆனால் அவரே அடுத்த கேள்வியையும் கேட்டார்: நாண் தளர்ந்தால் வில்லில் சத்தம் தாழத்தானே செய்யும், எனக்கு மட்டும் எப்படி ஏறினது? சரியான கேள்வி. இரண்டு காரணம் சொன்னேன். ஒன்று, நாணின் கனமே குறைந்துவிட்டது. மெலிந்த நாண் வேகமாக அதிரும். இரண்டு, நடுவில் மூடாத இடைவெளியைச் சமாளிக்க அவர் தன்னை அறியாமல் நாணை இழுத்து நீட்டிப் பேசுகிறார். இந்த இரண்டாவது காரணம் பழக்கம் சம்பந்தப்பட்டது, மாற்றலாம்.

போனில் "அம்மா" என்று கேட்பதற்கு இன்னொரு சிறு காரணமும் உண்டு. பழைய வகைத் தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கடத்தும். ஆண் குரலின் அடிச்சுருதி அதில் வராது. மேலே உள்ள இணைச்சுரங்களை வைத்து நம் காது அதை ஊகித்துக்கொள்கிறது. குரல் காற்றுக் கலந்து பலவீனமாக வரும்போது அந்த ஊகத்துக்குப் பிடிமானம் குறைந்துவிடுகிறது. நேரில் பேசும்போது அவரை யாரும் பெண் என்று நினைக்கப்போவதில்லை. இதைச் சொன்னபோது அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

வயது என்று விட்டுவிடக் கூடாதவை

இந்த மாவட்டத்தில் குரலை வைத்துப் பிழைக்கிறவர்கள் நிறைய. கடற்கரையில் மீன் ஏலம் விளிக்கிறவர்கள், தேவாலயத்தில் உபதேசியார்கள், பாடகர் குழுக்காரர்கள், தோவாளைப் பூச்சந்தையில் விலை கூப்பிடுகிறவர்கள். குரல் மாறினால் இவர்களில் பலர் முதலில் செய்வது மிளகுக் கஷாயம், அப்புறம் காத்திருப்பது. வயது கூட இருந்தால் காத்திருப்பும் கூடிவிடுகிறது. அதனால் இதைக் கொஞ்சம் அழுத்தியே எழுதுகிறேன்.

சளி, காய்ச்சல் இல்லாமல் மூன்று வாரத்துக்கு மேல் தொண்டை கரகரத்தால் ஒரு தடவை கேமராவில் பார்த்துவிட வேண்டும். பீடி, சிகரெட், சாராயம் பழக்கம் உள்ளவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. கரகரப்போடு விழுங்கச் சிரமம், காதுக்குள் வலி, கழுத்தில் கட்டி, காரணமில்லாமல் எடை குறைவது, எச்சிலில் இரத்தம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அப்படித்தான். குரல்நாணில் வரும் புற்றுநோய் ஆரம்பத்திலேயே குரலை மாற்றிவிடும். அதனாலேயே சீக்கிரம் கண்டுபிடித்துக் குணப்படுத்த வாய்ப்புள்ள புற்றுநோய்களில் அது ஒன்று. அந்த வாய்ப்பை "வயசாச்சு" என்ற ஒரு வார்த்தையால் இழப்பதை நினைத்தால் மனசு பதறுகிறது.

குரல் மெல்ல மெல்லச் சன்னமாகி, ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராகி, முகபாவமும் குறைந்து, நடையும் சிறு சிறு அடியானால் பார்க்கின்சன் நோயை நினைக்கவேண்டும். திடீரென்று ஒரே நாளில் குரல் காற்றாகிப்போனால் ஒரு பக்க நாண் செயலிழந்திருக்கலாம். இடது நாணுக்குப் போகும் நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி மகாதமனியைச் சுற்றித் திரும்பி மேலே வருகிறது. ஆகவே நுரையீரலில் இருக்கும் கட்டிகூடக் குரல் வழியாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கலாம். தைராய்டு அறுவைக்குப் பிறகு குரல் மாறினாலும் இதே சோதனைதான். வயதால் வரும் மாற்றம் இப்படித் திடீரென்று வராது, ஒரு பக்கம் மட்டும் வராது, வலிக்காது.

புலவருக்கு இவை எதுவும் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்த பிறகுதான் வயதைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். கடைசியில் கணக்கு இப்படி வந்தது: வயதால் மெலிந்த நாண், இன்ஹேலரால் வந்த பூஞ்சை, தண்ணீர் குடிக்காததாலும் மாத்திரையாலும் வறட்சி, காது சரியாகக் கேட்காததால் மேடையில் கழுத்தை இறுக்கிக் கத்துவது.

சிகிச்சை

பூஞ்சைக்கு மருத்துவர் மருந்து கொடுத்தார். இன்ஹேலரை நிறுத்தக் கூடாது என்பதை அவரும் நானும் திரும்பத் திரும்பச் சொன்னோம். குரல் கெடுகிறது என்று இன்ஹேலரைத் தூக்கிப் போட்டுவிட்டு மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது அதைவிட ஆபத்து. செய்யவேண்டியது எளிது. இன்ஹேலரின் முன்னால் ஸ்பேசர் என்ற குழாயை மாட்டி இழுத்தால் மருந்து தொண்டையில் படிவது குறைந்து நுரையீரலுக்குப் போய்ச் சேரும். இழுத்து முடித்ததும் வாயில் தண்ணீர் விட்டு, அண்ணாந்து தொண்டை வரை கொப்பளித்துத் துப்பவேண்டும். பல் தேய்க்குமுன் பஃப் இழுப்பது என்று வைத்துக்கொண்டால் மறக்காது. இரண்டு வாரத்தில் வெள்ளைப் படலம் போய்விட்டது, குரலின் கரகரப்பில் ஒரு பங்கும் அதோடு போயிற்று.

இரத்த அழுத்த மாத்திரையைக் கொடை அன்று எந்த நேரம் சாப்பிடலாம் என்பதை அதை எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே கேட்டுவரச் சொன்னேன். அவர் காலையிலேயே எடுத்துவிடச் சொன்னார். பகல் முழுக்கத் தண்ணீர், ராத்திரி வசனத்துக்கு நடுவில் வலத்துப் பாடுகிறவர் அடியை வாங்கும்போது ஒரு மடக்கு வெதுவெதுப்பான தண்ணீர். கட்டன்சாயா ஒன்று போதும். புகையிலையை விடச் சொன்னேன். பாதியாகக் குறைத்திருக்கிறார், விடவில்லை.

குரல் பயிற்சிதான் நீண்ட வேலை. வாரம் ஒரு தடவை என்னிடம், தினமும் இரண்டு வேளை வீட்டில், எட்டு வாரம். ஒரு டம்ளரில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் விட்டு, ஸ்ட்ராவை அதில் முக்கி, "ஊ" என்று குரலோடு ஊதிக் குமிழி எழுப்புவது முதல் பயிற்சி. வாய்ப்பக்கம் பாதி அடைபட்டிருப்பதால் உள்ளே ஏற்படும் எதிரழுத்தம், நாண்கள் ஒன்றோடொன்று முட்டி மோதாமல் இலகுவாக அதிர உதவுகிறது. கழுத்தை இறுக்கினால் குமிழி சீராக வராது. எனவே அவர் தப்பு செய்தால் தண்ணீரே சொல்லிவிடும், நான் சொல்லவேண்டியதில்லை.

அடுத்து உரத்த "ஆ", முடிந்தவரை நீளமாக. பிறகு கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே இழுப்பது. தசையை வளர்க்கவேண்டும் என்றால் அதற்குச் சுமை கொடுக்கத்தான் வேண்டும். வயதானவர்களின் கால்தசைக்குச் சொல்வதேதான் குரல்தசைக்கும். மெலிந்த குரலை "ஓய்வு கொடு, பேசாதே" என்று மூடிவைப்பது பல வீடுகளில் நடக்கிறது. கட்டியோ புண்ணோ இருந்தால் அது சரி. வயதால் மெலிந்த நாணுக்கு நீண்ட மௌனம் இன்னும் கெடுதல். தொடர்ந்து பாடி வருகிறவர்களின் குரல் அதே வயதுள்ள மற்றவர்களின் குரலைவிட இளமையாகக் கேட்கிறது என்பது ஆய்வுகளிலும் தெரிந்த விஷயம்.

மூன்றாவது, அன்றாட வாக்கியங்களை அதே பலத்தோடு சொல்வது. இதற்கான பட்டியலை அவரே தந்தார்: அடுக்களையில் நிற்கும் மனைவியிடம் சாயா கேட்பது, வாசலில் நின்று பேரனைக் கூப்பிடுவது, கதை தொடங்குமுன் சொல்லும் அவையடக்கம். பேரனைக் கூப்பிடும் "லேய் மக்கா" தான் முதலில் சரியாக விழுந்தது. இறுக்கமே இல்லாமல், நெஞ்சிலிருந்து, முழு ஆண் குரலில் வந்தது. அதைப் பதிவு செய்து உடனே அவருக்குப் போட்டுக் காட்டினேன். "இது யாரு, நானா?" என்று இன்னொரு தடவை போடச் சொன்னார். அதன் பிறகு மற்ற எல்லா வாக்கியத்துக்கும் அந்தக் கூப்பாடுதான் எங்களுக்கு அளவுகோல் ஆயிற்று.

உட்காரும் முறையையும் மாற்றினோம். வில்லின் முன் சம்மணமிட்டு முன்னால் குனிந்து பாடும்போது வயிறு மடங்கி, மூச்சு மேல்நெஞ்சிலேயே நின்றுவிடுகிறது. பின்பக்கத்துக்கு அடியில் ஒரு கையகல உயரத்தில் பலகை வைத்து உட்காரச் சொன்னேன். இடுப்பு முழங்காலைவிட உயர்ந்ததும் முதுகு நிமிர்ந்தது, வயிறு விரிந்தது. அன்றே "ஆ" இரண்டு நொடி கூடியது. இவ்வளவு சின்ன மாற்றத்துக்கு இவ்வளவு பலன் கிடைப்பது அபூர்வம்.

காதுக்குக் கருவி வேண்டும் என்று சோதனை செய்தவர் சொன்னார். புலவர் வீட்டில் மட்டும் போட்டுக்கொள்ளச் சம்மதித்தார், மேடையில் உடுக்கைச் சத்தம் அதில் பாய்ந்து வருகிறது என்று கழற்றிவிடுகிறார். அதற்குப் பதில், ஒலிபெருக்கிக்காரரிடம் சொல்லி அவர் முகத்தைப் பார்த்து ஒரு சிறு ஸ்பீக்கர் வைக்க ஏற்பாடு செய்துகொண்டார். வெளியே கட்டியிருக்கும் குழாய் ஒலிபெருக்கியின் சத்தம் ஊருக்குக் கேட்கும், பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்காது. கேட்காதபோதுதான் மனிதர் கத்துகிறார். மைக்கையும் வாயிலிருந்து நான்கு விரல் தூரத்துக்குக் கொண்டுவந்தாயிற்று.

சுருதியை இரண்டு கட்டையிலிருந்து ஒன்றரைக்கு இறக்கலாம் என்றேன். இதற்கு மட்டும் அவர் ரொம்ப நாள் இணங்கவில்லை. பேச்சு சுருதி ஏறினாலும் பாடும்போது எட்டக்கூடிய எல்லை வயதில் இரண்டு பக்கமும் சுருங்கிவிடுகிறது என்பதைப் பதிவுகளை வைத்துக் காட்டின பிறகு ஒப்புக்கொண்டார்.

கொடைக்குப் பிறகு

எட்டு வாரம் முடிந்தபோது "ஆ" 12 நொடி. பேச்சு சுருதி 178-லிருந்து 151 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது. படிவத்தில் 26 இருந்த மதிப்பெண் 12 ஆனது. இதெல்லாம் அறைக்குள் அளந்த கணக்கு. பங்குனியில் ஒரு கொடைக்கு அச்சாரம் வாங்கினார். கதையின் தொடக்கத்தையும் வசனம் முழுவதையும் அவரே நடத்தினார். வரத்துப் பாட்டைத் தன்னிடம் படித்த, வலத்துப் பாடுகிறவருக்குக் கொடுத்துவிட்டு, புலவர் வீசுகோலைப் பிடித்தார். இது யாரும் சொல்லி அவர் செய்ததில்லை. மறுநாள் தொண்டை கட்டியிருந்தது, மூன்றாம் நாள் தெளிந்துவிட்டது. முன்பு ஒரு வாரம் ஆகும்.

திரும்ப வராதவையும் உண்டு. மேல் ஸ்தாயியில் இரண்டு சுரங்கள் திரும்பின, மற்றவை வரவில்லை. கேமராவில் மறுபடி பார்த்தபோது நடுவில் இருந்த இடைவெளி குறைந்திருந்தது, முழுதாக மூடவில்லை. தசை மெலிந்ததில் ஒரு பகுதி பயிற்சிக்கு இணங்காது என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன். இதற்கு மேல் வேண்டுமென்றால் நாணுக்குள் ஊசி மூலம் ஹையலூரானிக் அமிலமோ, கால்சியம் கலந்த ஜெல்லோ, அவருடைய உடம்பிலிருந்தே எடுத்த கொழுப்போ செலுத்தி அதைத் தடிக்கவைக்கலாம். ஜெல் வகைகள் மாதக்கணக்கிலோ ஓரிரு வருஷத்திலோ கரைந்துவிடும், மறுபடி போடவேண்டியிருக்கும். நிரந்தரமாக வேண்டுமென்றால் குரல்வளைக் குருத்தெலும்பில் சிறு சாளரம் வெட்டி உள்ளே ஒரு துண்டை வைத்து நாணை நடுவுக்குத் தள்ளும் அறுவை உண்டு; 1970-களில் ஜப்பானிய மருத்துவர் நோபுஹிகோ இஷிகி வகுத்த முறை. இதற்கெல்லாம் திருவனந்தபுரம் போய் ஒரு கருத்துக் கேட்டுவர மருத்துவர் எழுதிக்கொடுத்திருக்கிறார். "சித்திரைக் கொடை முடியட்டு மக்களே, பிறகு பாப்போம்" என்றார் புலவர். அவசரம் இல்லாத விஷயம் என்பதால் நாங்களும் வற்புறுத்தவில்லை.

ஆனியில் மறுபடி ஸ்ட்ரோபோஸ்கோப்பி. அதைப் பார்த்துவிட்டு ஊசி வேண்டுமா என்று முடிவு செய்யலாம். கொடை இல்லாத மாதங்களில் பயிற்சியை விட்டுவிட்டால் சில வாரங்களிலேயே தசை பழைய நிலைக்கு நழுவ ஆரம்பிக்கும். அதனால் வேலை இல்லாத நாளிலும் காலையில் கிணற்றடியில் ஸ்ட்ராவும் டம்ளருமாகப் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம் என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன். அந்தத் தாளை வீட்டம்மா வாங்கி வைத்துக்கொண்டார்.